சேவல் மோதிரம் இரவல் போன படம்

இரண்டாயிரமாவது ஆண்டுவாக்கில் புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். தலையில் முக்காடும் நழுவாமல், தோளில் கேமராவும் நழுவாமல் பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு வந்தவள் அவர்களில் ஒரே ஒருத்திதான். பெயர் ஜஹபர் நிஷா. முல்லா வீதிப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'வீடியோக்கா' என்றால் போதும், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் கேமராவைத் தொட்டது ஒரு நெருக்கடியில். கணவர் அன்வருதீன் ஸ்டுடியோ வைத்திருந்தார். கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளைப் பக்கம் எல்லாம் எடுத்தாயிற்று. உள்ளே பெண்ணுக்குக் கருகமணி கட்டும் நேரத்தில், பெண்கள் பகுதிக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது என்று அவரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். பெண்ணின் அம்மாவோ வீடியோ இல்லாமல் கருகமணி கட்ட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விருந்தாளியாக வந்து பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த நிஷாவை எழுப்பி, கையைக்கூடக் கழுவவிடாமல், தோளில் கேமராவை ஏற்றிவிட்டார் அன்வருதீன்.

"செவப்பு பட்டன அமுக்கு. யாரையும் இடிச்சிடாத. அவ்ளோதான் தொழிலு."

அந்த முதல் கேசட்டில் கால்வாசி மின்விசிறி, கால்வாசி செருப்பு. ஆனால் மீதிப் பாதியில் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எந்த ஆண் கேமராக்காரனும் பிடித்திருக்க முடியாது. தங்களில் ஒருத்திதானே என்று கேமராவை மறந்து சிரித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கோட்டக்குப்பத்திலும் முல்லா வீதியிலும் நிஷா இல்லாமல் நிக்காஹ் இல்லை. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று முதலியார்பேட்டை வீடுகளிலிருந்தும் அழைப்பு வந்தது.

தொழில் அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. முகத்தை விட்டாலும் விடலாம், நகையை விடக்கூடாது. கழுத்து, காது, கை, விரல் என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று எண்ணும்வரை கேமரா நிற்க வேண்டும். நகை தெரியாத கேசட்டைப் பெண்ணின் அம்மா தூக்கி வீசிவிடுவாள். பதினேழு வருஷத்தில், பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குகிற கை மாதிரி, ஜூம் பட்டனில் இருக்கும் அவள் விரல் தன்பாட்டுக்கு நகையைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டது. இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. ஒரே காசுமாலை ஒரே தை மாதத்தில் நான்கு கழுத்தில் ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்ததில்லை. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்காத வீடு எது?

அத்தனை கேசட்டிலும் கடைசியில் வந்த எழுத்து 'தஸ்லீம் வீடியோஸ்'. தஸ்லீம் அவர்கள் மகன். கீழே அன்வருதீன் பெயர். எடுத்தவள் பெயர் எதிலும் கிடையாது. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை. தோன்றாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

2007இல் விழுப்புரத்துக் கல்யாணம் ஒன்றை முடித்துவிட்டு வந்தவள், பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறைச் சுவரில் ஒரு வரியைப் பார்த்தாள். கண்மைப் பென்சிலால் எழுதியிருந்தது.

'சந்தோஷமா இருக்கறாப்ல பத்து வருஷமா நடிக்கிறேன்.'

அதன் கீழே வேறு கையெழுத்தில், 'நானும்.' அதற்கும் கீழே ஊக்கால் கீறி, 'நானும்தான்.'

நிஷா பையிலிருந்து கேமராவை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்தாள். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் கதவைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள்.

மறுநாள் சரிதாவிடம் சொன்னாள். சரிதா மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கல்யாண வீடுகளில் நிஷாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. இரண்டு பேருமாக ஒரு வேலை செய்தார்கள். வெள்ளைச் சார்ட் பேப்பரின் தலைப்பில் 'யாரிடமும் சொல்லாதது ஒன்று' என்று எழுதி, ஓரத்தில் நூல் கட்டிக் கண்மைப் பென்சில் ஒன்றைத் தொங்கவிட்டு, பேருந்து நிலையம், பெரிய மார்க்கெட், பூங்கா என்று அங்கங்கே பெண்கள் கழிப்பறையாகப் பார்த்து ஒட்டினார்கள். நான்கு நாளில் தாள் நிரம்பியது. சரிதாவின் பென்சில் பெட்டி காலியானது.

'வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு மாசத்துல ஒரு நாள் பீச்சுல சும்மா உக்காந்திருப்பேன்.'

'எனக்குப் புடிச்ச கொழம்பு எதுன்னு வூட்ல யாருக்கும் தெரியாது. எனக்கே மறந்துபோச்சு.'

'எம் பொண்ணு என்னாட்டம் ஆயிடக் கூடாது.'

ஒவ்வொரு தாளையும் நிஷா படம் பிடித்தாள். ஸ்டுடியோவில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அன்வருதீன், "இத யாரு பாப்பாங்க? மால மாத்தறது கூட இல்லியே," என்றார். அப்படிச் சொன்னவர்தான் அடுத்த வாரம் ஐந்து புது டேப் வாங்கிவந்து மேசையில் வைத்தார். அந்த மனிதரின் குணமே அது. வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும்.

சுவரில் எழுதினால் மட்டும் போதாது, குரலும் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தாளின் அடியில் 'பேச விரும்பினால்' என்று ஒரு நாளும் நேரமும் பாரதி பூங்காவும் குறித்தாள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஏழு பேர் வந்தார்கள். நிஷா கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: முகம் வராது, பெயர் வராது, யார் சொன்னது என்று ஒரு உயிருக்கும் தெரியாது. கை மட்டும் வரும். கடற்கரைச் சுவர், தேங்காய்த்திட்டுத் துறைமுகம், மார்க்கெட் வாசல் என்று ஆளுக்கொரு பொது இடத்தில் உட்காரவைத்து எடுத்தாள்.

ஏழு பேரில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தி கமலவேணி. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் 'ஒரு தரம்' என்றால் அக்கரையில் படகு திரும்பும். இன்னொருத்தி துர்கா, முதலியார்பேட்டை மருமகள். ஐந்து வருஷம் முன்பு அவள் கல்யாண வீடியோவை எடுத்ததே நிஷாதான். கடலைப் பார்த்து உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு துர்கா சொன்னது இதுதான்:

"கொழந்தைக்காக எங்க மாமியார் என்ன கோயில் கோயிலா கூட்டிட்டுப் போறாங்க. நானும் போறேன். தொட்டில் கட்றேன். வூட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கறேன். எனக்கு வேணாம். வேணாம்னு சொல்ல வாய் வரல."

படம் பதினேழு நிமிஷம் வந்தது. 2008 மார்ச் எட்டாம் தேதி, மகளிர் தினத்துக்கு, கடற்கரைப் பக்கத்து அரங்கு ஒன்றில் சாயங்காலம் நான்கு மணிக்குத் திரையிட ஏற்பாடாயிற்று. ஊரில் உள்ள மகளிர் குழுக்களுக்கெல்லாம் அழைப்பு போனது. நிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் அவளைப் பார்க்கிறவர்களிடமெல்லாம், "சனிக்கெழம நாலு மணி, மறந்துடாதீங்க," என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் சரிதா ஸ்டுடியோவுக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டிக் காட்டினாள் நிஷா. துர்காவின் பகுதி வந்ததும் சரிதா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"நிறுத்து நிறுத்து. இது துர்கா கையி."

"எப்பிடித் தெரியும்? மொகமே இல்லியே."

"அந்த சேவல் மோதிரம் தெரியலியா? முதலியார்பேட்டைக்கே தெரியும்டி அது!"

நிஷா திரையைப் பார்த்தாள். துர்காவின் கணவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் கொண்டுவந்த பிரெஞ்சுத் தங்கக் காசில் சேவல் உருவம் இருக்கும். அதை மோதிரமாகச் செய்து மருமகள் விரலில் போட்டிருந்தாள் மாமியார் பார்வதி. திரை முழுக்க அந்தச் சேவல்தான் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை அசையாமல் நின்றது. ஐந்து வருஷம் முன்பு கல்யாணத்தில் எடுத்த அதே கோணம். அந்தக் கல்யாணக் கேசட்டைப் பார்வதி வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டியவள். தெருவே பார்த்த ஷாட் அது.

ஒரு பெண் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரகசியம் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே இவள் விரல், கல்யாண வீட்டு வழக்கப்படி, நகையைத் தேடிப் போயிருக்கிறது. நிஷாவுக்குத் தன் விரலையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. போதாக்குறைக்கு, முதலியார்பேட்டை மகளிர் குழுவுக்குத் தலைவியே பார்வதிதான். சனிக்கிழமை முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டாயிற்று.

வியாழக்கிழமை துர்காவை வரவழைத்து உள்ளதைச் சொன்னாள்.

"தப்பு எம்மேலதான், துர்கா. உன்னோடத மொத்தமா எடுத்துடறேன். ஆறு பேரோட படம் போகட்டும்."

துர்கா மோதிரத்தைத் திருகினாள்.

"எடுத்துடாதீங்கக்கா. பொறந்ததுலருந்து நான் வெளிய சொன்னது அது ஒண்ணுதான்."

"மோதிரம் வர்ற எடத்த வெட்டலாம். கொரலு இருக்கே? உங்க மாமியாருக்கு உங்கொரலு தெரியாதா?"

துர்காவின் கண் நிறைந்தது. நிஷா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து எதையோ தேடுகிறவள் போல நின்றாள். உள்ளே வரிசை வரிசையாகக் கல்யாணக் கேசட்டுகள். தை மாதத்துக் கேசட்டுகள் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான்கிலும் ஒரே காசுமாலை. யாருடையது என்று இன்றுவரை ஒருத்திக்கும் தெரியாது.

அவள் திரும்பினாள். முகமே மாறியிருந்தது.

"நகைய இரவல் குடுக்கறோம் இல்ல? பேச்சயும் குடுத்தா என்ன?"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏழு பேரும் பாரதி பூங்காவில் கூடினார்கள். நிஷா விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியுடைய ரகசியத்தைத் தன்னுடையது போலச் சொல்ல வேண்டும். கையில் தன்னுடையதாக இல்லாமல் வேறு ஒருத்தியின் வளையலோ மோதிரமோ இருக்க வேண்டும். படத்தின் முதல் எழுத்தாக, 'இதில் யாரும் தன்னுடையதைச் சொல்லவில்லை' என்று வரும். அப்புறம் யார் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

"இது நல்லாருக்கே பாய்வூட்டம்மா," என்று கமலவேணி போட்ட சத்தத்தில் பூங்காக் காவலாளி எட்டிப் பார்த்தார். "எம் பாரத்த வேற ஒருத்தி தூக்கறது எனக்கு இதான் மொத தடவ."

சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். துர்காவுக்குக் கமலவேணியுடையது வந்தது. துர்காவுடையது கமலவேணிக்கே போனது. மோதிரத்தை ஒளித்துவிடலாம் என்று சரிதா சொன்னாள். துர்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அதுவும் வரட்டும். அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். 'படத்துல ஒருத்தங்க எழுதினத நான் படிக்கறேன், மோதிரத்த வேற ஒருத்தங்க இரவல் கேக்கறாங்க'ன்னு சொன்னேன். 'சேவல் நல்லா தெரியறாப்ல எடுக்கச் சொல்லு'ன்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மீன் அறுத்துக் காய்த்துப்போன கமலவேணியின் விரலில் மோதிரம் ஏறவில்லை. சுண்டுவிரலில் கணுவரைதான் போயிற்று. நிஷா இந்தத் தடவை விரல் போன போக்கில் போகவிடவில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே, சேவலில் கேமராவை நிறுத்தி மூன்று எண்ணினாள். பதினேழு வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல நகை ஷாட் அதுதான் என்று நான் சொல்வேன்.

கிளம்பும்போது கமலவேணி கேட்டாள்:

"கடைசியில யாரு பேரு போடுவ?"

"ஸ்டுடியோ பேருதான்."

"எங்க பேருதான் வரக்கூடாது. உம்பேரு ஏன் வரக்கூடாது? ஒரு பேராவது இருக்கட்டும்மா. இத்தினி பொம்பளைங்க பேசறோம், எவ எடுத்தான்னு தெரிய வாணாமா?"

சனிக்கிழமை காலையில் மிக்சிங் முடியும் நேரத்தில் அன்வருதீன் வந்து பக்கத்தில் நின்றார். கடைசி எழுத்தை அவரே தட்டினார். 'ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம்: ஜஹபர் நிஷா.' ஸ்டுடியோ பெயரைப் போடவேயில்லை. நிஷா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கர்வமாகத்தான் இருந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அரங்கு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பார்வதி பச்சைப் பட்டுப் புடவையில், பக்கத்தில் துர்கா. நிஷா சுவரோரமாக நின்றாள். உட்கார முடியவில்லை.

முதலில் 'யாரும் தன்னுடையதைச் சொல்லவில்லை' என்ற வரி வந்தது, அப்புறம் சுவர்கள் வந்தன, தாள்கள் வந்தன. 'நானும்' 'நானும்தான்' என்ற எழுத்து வந்தபோது இருட்டுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு குரல்கள். மூன்றாவதாக, துர்காவின் மெல்லிய குரல்:

"எம் புருஷன் செத்த அன்னிக்கு எனக்கு அழுகையே வரல. அடி வாங்காம தூங்கின மொத ராத்திரி அது."

"அய்ய!" என்று பார்வதி பதறிவிட்டாள். "எம் புள்ள கல்லாட்டம் இருக்கான்!" என்றவள் படத்தின் முதல் வரி நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அரங்கு கொல்லென்று சிரித்தது. நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த கமலவேணி சிரிக்கவில்லை. தன் சொல்லை இன்னொரு குரலில் கேட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கணவன் சாவுக்கு வராத அழுகை அது.

அடுத்தது சேவல். திரை முழுக்க, தங்க நிறத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு. துர்கா சிலை மாதிரி இருந்தாள்.

பார்வதி பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டு மோதிரம்தான். எங்க மாமனாரு சொல்தாவா இருந்தாரில்ல, அவுரு கொண்டாந்தது. படத்துக்கு இரவல் குடுத்திருக்கோம்," என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தால் துர்காவின் ரகசியத்துக்குக் காவலாக நின்றவள் அவளேதான். அதற்குள் கமலவேணியின் ஏலக் குரல், கம்மிப்போய், தாழ்ந்து ஒலித்தது:

"வூட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கறேன். எனக்கு வேணாம். வேணாம்னு சொல்ல வாய் வரல."

பார்வதி பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். மோதிரத்தை அல்ல.

விளக்குப் போட்டதும் கைதட்டல் எழுந்தது. நிஷாவின் பெயர் திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. 'வீடியோக்கா பேரு இதுவா?' என்று யாரோ கேட்டார்கள். வெளியே வந்ததும் அன்வருதீன் அவள் பக்கம் குனிந்து, "எண்ணிப் பாத்தேன். ஏழு பேருன்ன, எட்டுப் பேரு பேசினாங்க. எட்டாவது யாருது? உன்னுதா?" என்றார்.

"பதினெட்டு வருஷமா கூட இருக்கீங்க. கண்டுபுடிங்க," என்றாள் நிஷா. பாவம், மனிதர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பார்வதி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நிஷாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வீடியோக்காரம்மா, அந்த மாத்திரை சாப்புடற பொண்ணு யாரோ எவளோ. பேசினது ஏலக்காரி கமலவேணி, அவளுக்கு நாலு புள்ளைங்க, அவ இல்ல." கிடைத்த ஒரு செருப்பைக் காலில் மாட்டினாள். "அவ மாமியார்க்காரி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வேணுமா வேணாமான்னு. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகத் தெரிஞ்சவளுக்குக் கேக்கத் தெரியலியே."

நிஷா குனிந்து அவளுடைய இன்னொரு செருப்பை எடுத்துவைத்தாள். வாக்கு வாக்குதான்.

பத்து நாள் கழித்துத் துர்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் தானே ஆரம்பித்தாள்.

"அத்தை கேட்டாங்கக்கா. கோயிலுக்கு வேன் பேசப் போனவங்க பாதியில திரும்பி வந்து, 'உனக்கு வேணுமா துர்கா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன். எங்கக்கா பிரசவத்துல செத்துப்போனது, அந்த பயம், எல்லாத்தயும் சொன்னேன். இந்த வாட்டி யாரு கொரலும் இரவல் வாங்கல."

"அவங்க?"

"ரெண்டு நாள் பேசல. படம் முடிஞ்சதும் மோதிரத்த வாங்கி பீரோவுல வெச்சிருந்தாங்க. இன்னிக்கிக் காலையில எடுத்தாந்து அவங்களே போட்டுவிட்டாங்க. 'புள்ள பெத்தாதான் மருமகன்னு யாரு சொன்னா'ன்னாங்க."

துர்கா கையை நீட்டினாள். விரலில் சேவல். ஜன்னல் வெளிச்சம் சரியாக அதன் மேல் விழுந்தது. நிஷாவின் கை பழக்கத்தில் மேசையில் இருந்த கேமராவைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். துர்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த மோதிரத்தை முதல் தடவையாக வெறுங்கண்ணால் பார்த்தாள்.